சாம்பல் நிற மனிதர்கள்

சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் நண்பர் ஒருவர் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். சென்னையில் ஒரு கட்டிடக்கலைக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் வைத்த கண்காட்சியைப் பார்த்துவிட்டு எழுதியது. சமூகத்தையும் சுற்றுச்சூழலையும் நம் கவிஞர்கள் கைகழுவிவிட்ட நேரத்தில், 22 வயதுப் பிள்ளைகள் அவற்றைத் தோளில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. இவர்களைப் பார்த்து எழுத்தாளர்கள் வெட்கப்பட வேண்டும் என்று முடித்திருந்தார்.

அதே கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன். வெட்கமும் பட்டேன். காரணம் வேறு.

முதலில் என் யோக்யதாம்சங்களைச் சொல்லிவிடுகிறேன். பி.ஏ. ஆங்கிலம். வங்கியில் குமாஸ்தா. எலியட்டும் 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் வங்கியில் இருந்தவர்தான் என்று சொல்லிக்கொள்வதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு அல்ப சந்தோஷம் உண்டு. அதற்கு மேல் அந்த ஒற்றுமையில் ஒன்றும் கிடையாது. கட்டிடக்கலை நான் படித்ததில்லை. ஆனால் 11 வருஷங்களாக வீட்டுக் கடன் மேஜையில் உட்கார்ந்து பிளான்களைப் பார்த்து வருகிறேன். ஒரு பிளானில் எது சும்மா போட்ட கோடு, எது சுவராகப் போகிற கோடு என்று ஓரளவு தெரியும். அந்தக் கோட்டுக்காக ஒருவர் 20 வருஷம் தவணை கட்டப் போகிறார் என்பதும் தெரியும். இன்னொன்று, என் அக்கா மகளின் தீஸிஸும் அந்தக் கண்காட்சியில் இருந்தது. ஆகவே நான் நடுநிலையாளன் அல்ல.

2

கூடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட திட்டங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் கரையில் சூழலியல் கற்றல் மையம் என்று மட்டும் நாலைந்து. 2022-இல் அந்தச் சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு மாணவர்களிடையே அதற்கு நல்ல மார்க்கெட். மீனவர் குடியிருப்பு, கைவினைஞர் கிராமம், மலைவாழ் மக்களுக்குச் சமுதாயக் கூடம், மறுகுடியமர்வுக்கு மாற்று. எந்த ஷீட்டை எடுத்தாலும் தலைப்பில் சமூகம் இருக்கிறது. சமூகம் இல்லாவிட்டால் சூழல் இருக்கிறது.

வேலைப்பாடு என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் நாலைந்து ஷீட்டுகளைத் தாண்டியதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பிறகு கட்டிடங்களை விட்டுவிட்டு, அவற்றின் முன்னால் நிற்கும் மனிதர்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.

ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான். ஒரு பையன் கையில் பலூன். ஓரத்தில் ஒரு நாய். எல்லாரும் சாம்பல் நிறம். பின்னால் இருக்கும் சுவர் அவர்கள் உடம்பின் வழியாகத் தெரிகிறது. யாருக்கும் முகம் இல்லை. பள்ளிக்கரணையில் நடந்த அதே பெண் கடலோரக் குப்பத்திலும் நடக்கிறாள், ஜவ்வாது மலையிலும் நடக்கிறாள். எண்ணூரில் ஓவர்கோட் போட்ட ஒருவரைப் பார்த்தேன். யார் தலையிலும் குடம் இல்லை. ஒருவர்கூடக் குத்துக்காலிட்டு உட்காரவில்லை. மரங்கள் எல்லாம் நட்ட அன்றே முப்பது வயதாகி நிற்கின்றன.

அக்கா மகளைக் கேட்டேன். சிரித்தாள். “அது ஸ்கேலுக்கு, மாமா. கட்டிடம் எவ்வளவு உயரம்னு தெரியறதுக்கு ஆளை நிக்க வைப்போம். கம்ப்யூட்டர்ல ரெடியா இருக்கும், எடுத்து ஒட்டிக்கலாம்” என்றாள்.

என்னுடைய விமர்சனம் முழுவதையும் அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள் என்று எனக்குப் பட்டது. மனிதன் அங்கே அளவுகோல். அந்தத் திட்டங்களில் சமூகம் இருப்பதும் இந்தக் காரியத்துக்குத்தான்: திட்டம் எவ்வளவு உயர்ந்தது என்று காட்ட.

1919-இல் எலியட் ஹாம்லெட் நாடகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கல்லூரியில் அதை உருப்போட்டுத்தான் நாங்கள் எல்லாம் பாஸ் பண்ணினோம். ஹாம்லெட்டின் உணர்ச்சி, நாடகத்தில் காட்டப்படும் காரியங்களைவிட அதிகமாக இருக்கிறது, அதைத் தாங்குகிற ஸ்தூலமான ஆதாரம் நாடகத்தில் இல்லை என்பது அவர் குற்றச்சாட்டு. ஹாம்லெட் விஷயத்தில் அது சரியா என்று சண்டை போடலாம். இந்த ஷீட்டுகள் விஷயத்தில் சண்டைக்கு இடமே இல்லை. உணர்ச்சி தலைப்பில் இருக்கிறது. ஆதாரம் எங்கே என்று தேடினால் பலூன் பிடித்த பையன் நிற்கிறான்.

3

‘சமூகம்’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நம் ஊரில் ஒருவர் ‘எங்க சமூகத்து ஆளு’ என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பது பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். தாசில்தார் ஆபீஸில் கம்யூனிட்டி சர்டிபிகேட் என்று கேட்டால் சாதிச் சான்றிதழைத்தான் தருவார்கள். இந்த மாணவர்களில் பலரும் அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் கல்லூரியில் சேர்ந்திருப்பார்கள். சேர்ந்த பிறகு ஐந்து வருஷப் படிப்பில் அந்தச் சொல் எப்படியோ கழுவித் துடைக்கப்பட்டு, எல்லாரும் ஒரு மரத்தடியில் கூடிச் சிரிக்கும் சமாசாரமாக மாறிவிடுகிறது.

திண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பதில் பத்துக்காவது திண்ணை இருந்தது. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே, அந்நியனை வரவேற்கும் இடம், தமிழனின் சமூகப் பண்பாடு என்று பக்கத்தில் விளக்கம். நான் வளர்ந்த தெருவிலும் திண்ணை இருந்தது. யார் அதில் உட்காரலாம், யார் தெருவில் நின்றபடியே பேச வேண்டும் என்பதை அந்தத் திண்ணைதான் முடிவு செய்தது. திண்ணை ஒரு வரவேற்பு என்பது உண்மை. அது ஒரு எல்லைக்கோடு என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் வரைகிறவன், தான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான் என்பதையும் சேர்த்து வரைந்துவிடுகிறான்.

திண்ணை போதாது என்று நினைத்தவர்கள் ஆம்ஃபிதியேட்டர் வைத்திருந்தார்கள். திறந்தவெளியில் அரைவட்டமாக கான்க்ரீட் படிகள். மக்கள் கூடிக் கலந்து பழகுவதற்காம். மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு அந்தப் படியில் மாணவர்களைப் பத்து நிமிஷம் உட்காரச் சொல்ல வேண்டும். சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள உறவு அப்போது உடம்பில் தெரிந்துவிடும்.

4

மறுகுடியமர்வுத் திட்டம் ஒன்றின் முன்னால் நின்று, வரைந்த பையனிடம் கேட்டேன். “தம்பி, இந்த வீட்டில் காலையில் பாயைச் சுருட்டி எங்கே வைப்பாங்க?”

“சார்?”

“அஞ்சு பேர் படுக்கிற வீடு. பாய் எங்கே?”

யோசித்தான். ஸ்டோரேஜ் மாடியில் பொதுவாகக் கொடுத்திருக்கிறேன் என்றான். பாயை எடுத்துக்கொண்டு தினமும் மாடி ஏற வேண்டும். பையன் கெட்டவன் அல்ல. அவனை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை.

நான் மூன்று வருஷம் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கிளையில் இருந்தேன். கண்ணகி நகரிலிருந்து வருகிற பெண்களுக்குக் கணக்குத் திறப்பது, முதியோர் பென்ஷன் தருவது என் கவுண்டர். நகரத்துக்குள் ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்தவர்களை 2000-இலிருந்து அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகள். நகரத்துக்குள் வெள்ள அபாயம் என்று காரணம் சொல்லி, சதுப்பு நிலத்தின் பக்கத்தில் குடிவைத்தார்கள். ஒரு பாட்டி, பென்ஷனுக்கு விரல்ரேகை விழாமல் மூன்று தடவை வைத்துவிட்டு, என்னிடம் சொன்னாள்: “வீடு கெட்டியாத்தான் இருக்குது சாமி. வேலைதான் மயிலாப்பூர்லயே இருக்குது.”

அந்த வீடுகளையும் யாரோ வரைந்துதான் இருப்பார்கள். அந்த வரைபடத்திலும் ஆட்கள் நின்றிருப்பார்கள், அளவு காட்டுவதற்கு. வேலைக்குப் போகிற தூரத்துக்கு அதில் கோடு கிடையாது. 2020-இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பிரம்மாண்டமான முகங்களைத் தீட்டினார்கள். அழகான ஓவியங்கள்தான். ஆனால் வீட்டுக்குள் அடைபட்ட ஆளைச் சுவருக்கு வெளியே பெரிதாக்கிக் காட்டுவதில் ஒரு விபரீதம் இருப்பதாக எனக்குப் பட்டது.

மாணவர்கள் இந்தச் சர்க்கார் கட்டிடங்களை எதிர்க்கிறார்கள். தங்கள் ஷீட்டில் அவற்றின் போட்டோவைப் போட்டு, பக்கத்தில் தங்கள் மாற்றைப் போடுகிறார்கள். மாற்று பச்சையாக இருக்கிறது, ஜன்னல் அதிகமாக இருக்கிறது, செங்கல் சிவப்பாகத் தெரிகிறது. எதிர்ப்பு நேர்மையானது என்றே வைத்துக்கொள்வோம். இலக்கணம் மட்டும் மாறவில்லை. அங்கேயும் அந்தப் பாட்டி வேண்டாம் என்று சொல்ல முடியாது, இங்கேயும் சொல்ல முடியாது.

5

மாணவர்களால் என்ன செய்துவிட முடியும், அது வெறும் பயிற்சிதானே என்று நண்பர் கேட்பார். முடிந்திருக்கிறது. உதாரணங்கள் தருகிறேன்.

புர்கினா பாஸோ நாட்டில் காண்டோ என்று ஒரு கிராமம். 1965-இல் அங்கே பிறந்த ஃபிரான்ஸிஸ் கெரே, அந்தக் கிராமத்திலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் பிள்ளை. தச்சுவேலைப் பயிற்சிக்கு ஜெர்மனி போய், பிறகு பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை படித்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே 1998-இல் ஒரு சங்கம் ஆரம்பித்து, பணம் திரட்டி, தன் கிராமத்தில் ஒரு ஆரம்பப் பள்ளி கட்டினார். 2001-இல் முடிந்தது. அவர் பட்டம் வாங்கியது 2004-இல்தான்; அதே வருஷம் அந்தப் பள்ளிக்கு ஆகா கான் விருது கிடைத்தது. 2022-இல் பிரிட்ஸ்கர் பரிசு. பரிசுகளை விடுங்கள். மண்ணால் கட்டப் போகிறேன் என்று அவர் சொன்னபோது ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மண்சுவர் ஒவ்வொரு மழைக்கும் கரைவதை ஆயுள் முழுக்கப் பார்த்தவர்கள் அவர்கள். ஜெர்மனி வரை போய்ப் படித்துவிட்டு வந்தவன் திரும்பவும் மண்ணையா தருவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திய கற்கள். தகரக் கூரை உஷ்ணத்தில் அடுப்பாகிவிடும்; அதனால் உள்ளே கல் பாவிய ஒரு மேல்தளம், அதற்கு மேலே கம்பிச் சட்டங்களில் தூக்கி நிறுத்திய தகரம், இரண்டுக்கும் நடுவே காற்று. கூரை சுவரைத் தாண்டி அகலமாக நீண்டு மழையைத் தடுக்கிறது. ஒரு மண் வளைவைக் கட்டி, அதன் மேல் ஏறிக் குதித்துக் காட்டிய பிறகுதான் ஜனங்கள் நம்பினார்கள். எந்த ஜூரியிலும் இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

அவரே ஒரு பேச்சில் சொல்லியிருக்கும் விஷயம், வங்கிக்காரனான எனக்கு முக்கியமாகப் படுகிறது. லீவு முடிந்து ஊரைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் கிராமத்துப் பெண்கள் தங்கள் முடிச்சை அவிழ்த்து, கையிலிருந்த கடைசிக் காசை அவரிடம் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பெயர் கடன். அதற்கு வவுச்சர் இல்லை, ஜாமீன் இல்லை, ஆனால் வசூலாகிவிட்டது. காண்டோ பள்ளிக்கூடம் அந்தக் கடனின் திருப்பம்.

அப்படியானால் அந்தந்த ஊரில் பிறந்தவன்தான் அந்தந்த ஊருக்குக் கட்ட முடியுமா என்றால், இல்லை. அன்னா ஹெரிங்கர் ஜெர்மனியில் பிறந்து ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்தில் படித்தவர். வங்காள தேசத்தின் ருத்ராபூர் கிராமத்தில் பள்ளிக்கூடம் என்பது 2004-இல் அவருடைய தீஸிஸ். மறு வருஷம் அதைக் கட்டினார். கீழ்த்தளம் மண், மேல்தளம் மூங்கில். மண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்தவை எருமை மாடுகள். ஆனால் அந்தத் தீஸிஸுக்கு ஏழெட்டு வருஷம் முன்பே, பள்ளி முடித்த கையோடு, அவர் அந்தப் பகுதியில் தொண்டு வேலைக்கு வந்து ஒரு வருஷம் இருந்திருக்கிறார். அந்த ஊர் வீடுகளுக்கு அஸ்திவாரம் இல்லாததாலும், தரையின் ஈரம் சுவருக்குள் ஏறுவதாலும்தான் மண்சுவர் சீக்கிரம் கெடுகிறது என்று தெரிந்து, செங்கல் அஸ்திவாரமும் ஈரத்தடுப்பும் கொடுத்தார். மண்ணைப் புகழ்ந்து கவிதை எழுதாமல் மண்ணின் குறையைத் திருத்தினார். ஒரு வருஷம் அந்த ஊர்ச் சோற்றைச் சாப்பிட்டதற்கு அது வட்டி.

மூன்றாவது உதாரணம் அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில். ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரூரல் ஸ்டுடியோவை 1993-இல் ஸாமுவேல் மாக்பீயும் டி.கே. ருத்தும் தொடங்கினார்கள். ஹேல் கவுண்டி என்ற ஏழைப் பிரதேசத்தில் மாணவர்கள் தங்கியிருந்து, அங்கே இருப்பவர்களுக்கு வீடு கட்டித்தர வேண்டும், அதுதான் பாடம். ஆரம்பத்தில் வைக்கோல் கட்டில் சுவர், பழைய டயரில் சுவர் என்றெல்லாம் சாகசம் செய்தார்கள். 2005-இல் ஆரம்பித்த திட்டம்தான் என்னை உலுக்கியது. அதன் பெயரே ஒரு தொகை: இருபதாயிரம் டாலர் வீடு. சமூகப் பாதுகாப்பு பென்ஷனை மட்டும் நம்பியிருக்கும் ஒரு சாதாரண மனிதர் அதிகபட்சம் எவ்வளவு வீட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியும் என்று கணக்குப் போட்டு, அந்த எண்ணிலிருந்து பின்னோக்கி வந்து வீட்டை வரைந்திருக்கிறார்கள். நம் மாணவர்கள் கனவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இவர்கள் தவணையிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு ஆளின் மாச வருமானம் கட்டிடக்கலையின் மூலப்பொருளாகிற அந்த இடத்தில் சமூகம் என்ற சொல்லே தேவைப்படவில்லை.

கடன்காரன் கதவை அறைந்து சாத்தியதும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நான் பிரசாரகனாகிவிடுவேன். எகிப்தில் ஹஸன் ஃபாத்தி 1940-களின் நடுவில் லக்ஸர் பக்கத்தில் புதிய குர்னா கிராமத்தை மண்ணால் கட்டினார். அவர் மாணவர் அல்ல, தேர்ந்த கலைஞர். சாரம் இல்லாமல் வளைவு கட்டும் நூபிய கொத்தனார்களைக் கொண்டுவந்து, மசூதி, சந்தை, பள்ளி எல்லாம் எழுப்பினார். பழைய குர்னாவின் ஜனங்கள் புராதனக் கல்லறைகளின் மேல் குடியிருந்து, அவற்றால் பிழைத்து வந்தவர்கள். அவர்களை அங்கிருந்து கிளப்புவதற்காகச் சர்க்கார் கட்டச் சொன்ன ஊர் அது. ஜனங்கள் வர மறுத்துவிட்டார்கள். உலகம் கொண்டாடும் அந்தக் கிராமம் பாதியில் நின்றது. ஃபாத்தி இதை மறைக்கவில்லை. 1973-இல் ‘ஏழைகளுக்கான கட்டிடக்கலை’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளியான அவருடைய புத்தகம், ஒரு தோல்வியின் கணக்குப் புத்தகம். நம் கல்லூரிகளில் அதிலுள்ள வளைவுகளைப் பார்த்து வரைகிறார்கள். கணக்கைப் படிப்பதில்லை.

6

கண்காட்சியின் கடைசியில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில், வெளிச்சம் விழாத ஒரு மூலையில் ஒரு திட்டம் இருந்தது. நண்பருடைய குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

காஞ்சிபுரத்துப் பையன். குழித்தறி நெசவாளர்களுக்குத் தெரு ஒன்றைத் திருத்தியமைக்கும் திட்டம். தலைப்பில் சமூகம் இல்லை. தெருவின் பெயர் மட்டும். நான் பார்த்த மற்ற ஸெக்ஷன்கள் எல்லாம் தரைக்கோட்டோடு நின்றுவிட்டன. இவனுடையது தரைக்குக் கீழே போயிற்று. ஏனென்றால் நெசவாளியின் கால் அங்கேதான் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் தறிக்குழிக்குள் ஊற்று சுரந்தால் தறி நின்றுவிடும்; தறி நின்றால் கூலி இல்லை. பையன் நான்கு வீட்டுக் கிணறுகளில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தேதி போட்டு அளந்து, அந்தக் கோட்டை ஸெக்ஷனில் நீலமாக இழுத்து, தறிக்குழியின் அடி அதற்கு மேலே வரும்படி தறிக்கூடத்தை மட்டும் உயர்த்தியிருந்தான். சுற்றுச்சூழல் என்று நான் அந்தக் கூடத்தில் பார்த்தது அந்த நீலக் கோடு ஒன்றைத்தான்.

தெருவில் ஒரு பக்கம் மட்டும் மரங்கள். இன்னொரு பக்கம் மொட்டை. ஏன் என்று கேட்டேன்.

“பாவு போடணும் சார். மூணு சேலைக்குப் பாவுன்னா 18, 20 மீட்டர் நீட்டி இழுக்கணும். நடுவுல மரம் வந்தா எங்க போறது?”

அந்தப் பக்கத்தில் நிழலுக்கு என்ன வழி என்று ஜூரியில் கேட்டார்களாம். காலை ஒன்பது மணிக்குள் பாவு வேலை முடிந்துவிடும், நிழல் வேண்டாம் என்றிருக்கிறான். பசுமை குறைவு என்று எழுதிக்கொண்டார்களாம்.

அவன் ஒட்டியிருந்த பிளான்களில் ஒன்று அசிங்கமாக இருந்தது. பென்ஸில் அடித்தல்கள், எண்ணெய்க் கறை, வேறு வேறு கையெழுத்தில் தமிழில் குறிப்புகள். தெருக்காரர்களிடம் கொடுத்துத் திருத்தி வாங்கியிருக்கிறான். சமையலறையை ஒரு அம்மாள் குறுக்கே அடித்துவிட்டு, ‘தார் சுற்ற இங்கே வெளிச்சம் பத்தாது’ என்று எழுதியிருந்தாள். பக்கத்திலேயே அடுத்த பிளான். சமையலறை இடம் மாறியிருந்தது. அதன் மேலும் ஒரு அடித்தல்.

இவனுடைய படங்களில் சாம்பல் நிற மனிதர்கள் இல்லை. ஜூரியில் ஒருவர், உங்கள் திட்டத்தில் சமூகம் எங்கே என்று கேட்டிருக்கிறார். இவன் அந்த அடித்தல்களைக் காட்டியிருக்கிறான். அதைச் சுத்தமாகப் பிரதியெடுத்து ஒட்டியிருக்கலாமே என்று சொல்லிவிட்டு, கான்ஸெப்ட் போதாது என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள்.

நெசவாளி வீட்டுப் பிள்ளை என்பதால் நான் அவனைத் தூக்கிப் பிடிக்கவில்லை. நெசவாளி வீட்டுப் பிள்ளைகள் மட்டமான கவிதைகளையும் எழுதியிருக்கிறார்கள். அவனுடைய எலிவேஷன்கள் சப்பையாக இருந்தன. ஜன்னலுக்கும் கதவுக்கும் உள்ள விகிதம் கண்ணை உறுத்தியது. இதையெல்லாம் அவன் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு மனிதர்கள் நுழைந்த திட்டம் அந்தக் கூடத்தில் அது ஒன்றுதான். விமர்சனம் என்று நான் நம்புகிற காரியத்தை அந்த அம்மாளின் பென்ஸில் செய்துவிட்டது.

7

எழுத்தாளர்கள் இவர்களைப் பார்த்து வெட்கப்பட வேண்டும் என்றார் நண்பர். நான் வெட்கப்பட்டது, இந்தச் சாம்பல் மனிதர்களை நாம்தான் முதலில் உற்பத்தி செய்தோம் என்பதற்காக. நம் சிறு பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டுங்கள். கட்டிடத் தொழிலாளி, குப்பை பொறுக்கும் சிறுமி, ரிக்‌ஷாக்காரர். முகம் இல்லை, வயிறு மட்டும் இருக்கிறது. கவிஞனின் மனசு எவ்வளவு உயரம் என்று காட்ட, கவிதையின் ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்கள். அந்தச் சிறுமி கவிதையைப் படித்துவிட்டு, நான் அப்படிப் பொறுக்கவில்லை, காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்து முதலில் இரும்பைத்தான் எடுப்பேன் என்று சொல்ல வழி இல்லை. சொல்லியிருந்தால் கவிதை கொஞ்சம் அசிங்கமாகியிருக்கும். கொஞ்சம் உருப்பட்டும் இருக்கும். மாணவர்கள் நம்மைக் கைவிடவில்லை. நம்மைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறார்கள்.

இதையெல்லாம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு அக்கா மகளிடம் சொன்னேன். அவளுடைய தீஸிஸையும் விட்டுவைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு கேட்டாள்: “நீ எத்தனை பேரோட ஃபைலைத் திருப்பி அனுப்பியிருக்கே, மாமா? அவங்க முகம் உனக்கு ஞாபகம் இருக்கா?”

கணக்கு என்னிடம் இல்லை. பட்டா இல்லாதவர்கள், சம்பளச் சீட்டு இல்லாதவர்கள், வயதானவர்கள். சின்னக் கடனுக்கும் பெரிய கடனுக்கும் காகித வேலை ஒன்றுதான் என்பதால் மேலே அனுப்பாமலே வைத்துவிட்டவையும் உண்டு. ஒருத்தி ஞாபகத்தில் இருக்கிறாள். இட்லிக் கடை வைத்திருந்தவள். ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போட ஒரு லட்சம் கேட்டாள். நோட்டுப் புத்தகத்தில் இருந்து கிழித்த தாளில் தானே பிளான் வரைந்து கொண்டுவந்திருந்தாள். மாவு அரைக்கிற கிரைண்டர் எங்கே, படுக்கை எங்கே, மகன் படிக்க விளக்கு எங்கே என்று எல்லாம் அதில் இருந்தது. ஆள் உருவம் எதுவும் இல்லை. லைஸென்ஸ் உள்ள பொறியாளர் கையெழுத்துப் போட்ட வரைபடம் வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தேன். அவள் மறுபடி வரவில்லை.

அதைச் சொன்னேன். “அந்தத் தாளை எனக்கு வாங்கித் தர முடியுமா?” என்றாள். பஸ் வந்துவிட்டது.